பழைய மோட்டார் வண்டிகளும் நகல் பாகங்களும்

மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1957-ஆம் ஆண்டு முதல் தயாரித்து வந்த அம்பாசடர் காரின் உற்பத்தி, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. மும்பையின் குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மறைந்துவிட்டது. தொழிற்சாலையின் கதவு மூடப்பட்டாலும் அதிலிருந்து வெளிவந்த வண்டிகள் உடனே மறைந்துவிடுவதில்லை. இவற்றிற்கும் மூத்த ஆஸ்டின், மோரிஸ், செவர்லே, போர்டு வண்டிகளும், சமஸ்தான மன்னர்கள் வரவழைத்த ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளும் இந்தியாவில் இன்னும் ஓடும் நிலையில் இருக்கின்றன. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-ஆம் ஆண்டு டில்லியில் தொடங்கிய பழைய கார்களின் அணிவகுப்பு, இத்துறையில் இந்நாட்டில் எழுந்துள்ள ஆர்வத்திற்குச் சான்றாகும்.

வண்டி உள்ள வரையில் அதற்குப் பாகங்கள் வேண்டும். கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் தேடுவோருக்குக் கிடைப்பவை மூன்று வகைப்படும்: தொழிற்சாலைக் காலத்திலேயே செய்யப்பட்டு விற்காமல் பெட்டியில் தங்கிவிட்டவை, உடைக்கப்பட்ட வண்டிகளிலிருந்து கழற்றப்பட்டவை, பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்யப்பட்டவை. கடைவீதியில் இவையனைத்தும் ‘ஒரிஜினல்’, ‘டூப்ளிகேட்’ என்ற இரண்டே சொற்களில் அடங்கிவிடுகின்றன. பிறருடைய பெயரையும் முத்திரையையும் திருடிக்கொண்டு வரும் போலி வேறு. நகல் என்பதை மறைக்காமல் விற்கப்படும் பாகம் வேறு. முன்னது சட்டத்தின்பாற்பட்டது. பின்னதே விஞ்ஞானத்தின் ஆராய்ச்சிக்கு உரியது. நேர்மையாகச் செய்யப்பட்ட நகலும் சில வேளைகளில் ஏன் பிழைபடுகிறது, சில வேளைகளில் அசலைக் காட்டிலும் எவ்வாறு சிறந்து விளங்குகிறது என்பதை ஈண்டுக் காண்போம்.

வடிவம், பொருள், பதம்

யந்திரப் பாகம் எதுவாயினும் அதனை ஆக்குவன மூன்று. முதலாவது அதன் வடிவம். இரண்டாவது அது செய்யப்பட்ட பொருள். மூன்றாவது அப்பொருளுக்குச் சூட்டினாலும் குளிர்ச்சியினாலும் பிற முறைகளாலும் ஏற்றப்பட்ட பதம். மூலத் தொழிற்சாலையின் வரைபடத்தில் இம்மூன்றும் எழுதப்பட்டிருக்கும். அளவு எவ்வளவு, அதில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு பொறுக்கப்படும், எந்த வகை எஃகு, எந்த உஷ்ணத்தில் எத்தனை நேரம், முடிவில் எந்தச் சோதனை என்பனவெல்லாம் அதில் உண்டு. நகல் செய்வோரின் கையில் பெரும்பாலும் அவ்வரைபடம் இருப்பதில்லை. ஒரு பழைய பாகம் மட்டுமே இருக்கும். பழைய பாகம் தன் வடிவத்தைக் காட்டும். பொருளையும் பதத்தையும் கண்ணுக்குக் காட்டாது.

வடிவத்தைக்கூட அது முழு உண்மையாகக் காட்டுவதில்லை. ஐம்பதாண்டு உழைத்த ஓர் அச்சு நூறில் சில பங்கு மில்லிமீட்டர் தேய்ந்திருக்கலாம். அதனை மைக்ரோமீட்டரால் அளந்து அவ்வளவிலேயே புதிதாகக் கடைந்தால், தேய்மானமும் சேர்ந்தே நகலாகிறது. புத்தம்புதிய பாகம் பொருத்தப்பட்ட அன்றே ஆடத் தொடங்குவதன் காரணம் பல இடங்களில் இதுவே.

திருகுகளைப் பற்றி ஒன்று கூறவேண்டும். பிரிட்டிஷ் வண்டிகளின் பழைய மரைகள் விட்வொர்த் முறையில் 55 பாகைக் கோணம் கொண்டவை. பின்னர் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகள் உடன்பட்டு ஏற்ற முறையில் கோணம் 60 பாகையாயிற்று. இன்று எங்கும் கிடைக்கும் மெட்ரிக் மரைக்கும் கோணம் 60 பாகையே; ஆனால் புரியிடைவெளி வேறு. 5/16 அங்குலத் திருகின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், மெட்ரிக் திருகோ 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முதல் ஓரிரு சுற்று இறங்கியும்விடும். அதன்பின் ஸ்பானரைக் கொண்டு வலிந்து திருப்புவோர், ஐம்பதாண்டு பிழைத்திருந்த அலுமினிய வார்ப்பின் மரையை ஐந்து விநாடியில் அழித்துவிடுகின்றனர்.

நடுவழியில் நிற்கும் வண்டி

நகல் பாகத்தின் குறை எவ்வளவு நுட்பமாக மறைந்திருக்கக்கூடும் என்பதற்கு டிஸ்ட்ரிபியூட்டரினுள் சுழலும் சிறு ரோட்டாரே தக்க உதாரணம். இது கட்டைவிரல் அளவுள்ள ஒரு மின்கடத்தாப் பொருளின்மீது பித்தளைத் தகடு பொருத்தப்பட்ட எளிய பொருள். இக்னிஷன் காயில் உண்டாக்கும் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தை ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கிற்கும் முறைப்படி பகிர்ந்தளிப்பது இதன் தொழில். தகட்டிற்கும் நடுவேயுள்ள எஃகுத் தண்டிற்கும் இடையே சில மில்லிமீட்டர் கனமுள்ள மின்கடத்தாப் பொருளே காவல்.

நகல்களுள் சிலவற்றில் பித்தளைத் தகட்டை இறுக்கும் ஆணி தேவைக்கு மேல் ஆழமாக இறங்கியிருக்கும். அதனால் ஆணியின் முனைக்கும் தண்டிற்கும் இடையே எஞ்சும் காவல் மெலிந்துவிடுகிறது. வேறு சிலவற்றில், அசலின் கறுப்பு நிறம் வரவேண்டுமென்று பிளாஸ்டிக்கில் கரித்தூள் மிகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். கரியோ மின்சாரத்தைக் கடத்தும் பொருள். நிறத்திற்காகச் சேர்த்த கரி, நிறத்தைக் கொடுத்துவிட்டுக் காவலைக் கெடுத்துவிடுகிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வண்டி நன்றாகவே ஓடும். சூடேறியபின் ஒரு கணத்தில் மின்பொறி தண்டின் வழியே பாய்ந்து பூமிக்கு இறங்கிவிடும், வண்டி நின்றுவிடும். ரோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் ஊசித் துளையளவு கரும்புள்ளியேனும் தென்படுவது அரிது. சாதாரண மீட்டரை வைத்துச் சோதித்தால் குறை காணப்படாது. ஏனெனில் மீட்டரின் மின்கலத்தில் உள்ளவை சில வோல்ட்களே. குறை வெளிப்படுவதற்குப் பல்லாயிரம் வோல்ட் வேண்டும்.

இதன் அண்டையில் அமர்ந்துள்ள கண்டென்ஸரும் இவ்வாறானதே. வெளியில் ஓர் உலோகக் குப்பி. உள்ளே மெல்லிய உலோகத் தாளும் காப்புத் தாளும் சுருட்டப்பட்டிருக்கும். உட்புறத் தொடர்புகள் தளர்வாக நெரிக்கப்பட்டிருப்பின், சூட்டிலும் அதிர்விலும் அவை விட்டுப் போகும். மெக்கானிக் கார்புரேட்டரைக் குறைகூறி அதனைக் கழற்றிக் கொண்டிருப்பார்.

கறுப்பு வளையங்கள்

பழைய வண்டிகளின் பாகங்களில் ரப்பரைப் போல் ஏமாற்றத்திற்கு இடமளிப்பது வேறில்லை. கதவின் ஓரப் பட்டை, என்ஜினைத் தாங்கும் மெத்தை, பெட்ரோல் குழாய், பிரேக் சிலிண்டரினுள் உள்ள கிண்ணம் ஆகிய யாவும் கறுப்பு, யாவும் வளையும், யாவும் ‘ரப்பர்’ என்றே விற்கப்படும். ஆனால் இரசாயனக் கண்கொண்டு நோக்கின் இவை ஒன்றுக்கொன்று தொலைதூர உறவினர்களே.

மரத்துப் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பரைக் கந்தகத்துடன் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-ஆம் ஆண்டில் கண்டார். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் இடையிடையே பிணைப்பதால் ரப்பர் இழுத்தாலும் பழைய உருவுக்கு மீள்கிறது. அதிர்வைத் தாங்குவதில் இயற்கை ரப்பருக்கு நிகரானவை மிகச் சிலவே. என்ஜின் மெத்தைக்கு அது உகந்தது. ஆனால் பெட்ரோல் பட்டால் உப்பிவிடும். காற்றிலுள்ள ஓசோன் பட்டால், வளைந்து இழுபட்டிருக்கும் இடங்களில் குறுக்கே வெடித்துவிடும். நைட்ரைல் ரப்பர் பெட்ரோலையும் கனிம எண்ணெயையும் நன்கு எதிர்க்கும், ஓசோனை எதிர்க்காது, வழக்கமான கிளைக்கால் வகைப் பிரேக் திரவத்தில் ஊறி உப்பும். 1960-களில் வழக்கிற்கு வந்த எத்திலீன் புரொப்பிலீன் ரப்பர் வெயிலையும் ஓசோனையும் பிரேக் திரவத்தையும் தாங்கும். எண்ணெய்ப் பசை பட்டால் கெடும்.

ஆகவே, கதவுப் பட்டைக்குச் சிறந்த ரப்பர் பெட்ரோல் குழாய்க்கு நஞ்சு. பெட்ரோல் குழாய்க்குச் சிறந்தது பிரேக் கிண்ணத்திற்கு நஞ்சு. நகல் செய்வோர் அச்சினைச் சரியாக வெட்டி, பொருளைத் தவறாகத் தேர்ந்தால், அளவு வழுவாத ஒரு வளையம் சில மாதங்களில் உப்பிச் சிலிண்டரில் இறுகிக்கொள்ளும். மிதித்த பிரேக் விடுபடாது. பிரேக் திரவத்தில் கனிம எண்ணெய் சிறிது கலந்துவிட்டாலும் இதுவே நேரும். முற்காலத்துப் பிரேக் திரவங்கள் ஆமணக்கு எண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து செய்யப்பட்டவை என்பதும், அவை இயற்கை ரப்பரைக் கெடுக்கவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கன. ஆமணக்கெண்ணெயும் எண்ணெய்தானே என்று கனிம எண்ணெயை ஊற்றியவர்கள் இரசாயனம் இரண்டையும் வேறுபடுத்துவதை விலை கொடுத்து அறிந்தனர்.

இங்கே அசலின்மீதுள்ள மதிப்பு ஆபத்தாக மாறும் இடம் ஒன்று உண்டு. நாற்பதாண்டுகளுக்கு முன் செய்து, பெட்டியினின்றும் எடுக்கப்படாத பிரேக் குழாய் கிடைத்தால், சேகரிப்போர் அதனைப் புதையலாகக் கருதுகின்றனர். ஆனால் ரப்பர் பெட்டியினுள்ளும் மூப்படைகிறது. காற்றின் பிராணவாயு அதனை மெல்ல மெல்ல இறுக்குகிறது. குழாயின் உட்சுவர் சிதைந்து மடல்போல் தொங்கினால், மிதியின் வலிமையில் திரவம் உள்ளே செல்லும், திரும்பி வராது. வெளித்தோற்றத்தில் அக்குழாய் குற்றமற்றதாகவே காணப்படும். பிரேக்கைப் பொறுத்த ரப்பர் எதுவாயினும், தரமறிந்து செய்த புதிய நகலே மூப்படைந்த அசலினும் நன்று. இதில் ஐயத்திற்கு இடமில்லை.

உலோகத்தின் உள்ளுறை

முன்சக்கரங்கள் திரும்புவதற்கு ஆதாரமான கிங் பின்னை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு தேய்வை எதிர்க்கக் கடினமாகவும், உட்பகுதி குழியில் விழும் அதிர்ச்சியைத் தாங்க இளகிய உரமுடையதாகவும் இருத்தல் வேண்டும். இதற்காகக் குறைந்த கரியுள்ள எஃகைக் கரியூட்டும் சூழலில் பல மணி நேரம் காய்ச்சி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்திற்கு மட்டும் கரியேற்றி, பின் தோய்த்துக் கடினப்படுத்துவர். இம்முறையை விடுத்துச் சாதாரண எஃகைக் கடைந்து மெருகிட்டால் அதே பளபளப்பு வரும்; சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். முழுவதையும் கடினமாக்கினாலோ தேயாது, ஒருநாள் உடையும். தேய்வது முன்னறிவிப்புக் கொடுக்கும், உடைவது கொடுக்காது.

பளபளப்பே பகையாவதும் உண்டு. உயர் வலிமை கொண்ட எஃகுத் திருகுகளுக்கு அழகிற்காகத் துத்தநாக முலாமோ குரோமிய முலாமோ பூசும்போது, அமிலத்திலும் முலாமிடும் தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகினுள் புகுந்துவிடுகின்றன. முலாமிட்ட உடனே ஏறத்தாழ 200 சென்டிகிரேடு உஷ்ணத்தில் சில மணி நேரம் சூடேற்றினால் அவை வெளியேறும். இதனைச் செய்யாது விட்டால், இறுக்கிய திருகு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சுமை எதுவும் கூடாமலே முறிந்துபோகலாம். கறுத்து எண்ணெய் படிந்திருந்த பழைய திருகு இவ்விடத்தில் மின்னும் புதியதினும் மேலானது.

பம்பரின் குரோமியத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. துருவினின்றும் காப்பது குரோமியம் என்று பலர் கருதுகின்றனர். மேலேயுள்ள குரோமியப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானிலும் குறைவான கனமுள்ளது. நுண்ணிய பிளவுகள் நிறைந்தது. உண்மையான காவல் அதன் அடியில் உள்ள நிக்கலும், அதன் கீழ்ச் செம்பும் ஆகும். நல்ல பம்பரில் நிக்கல் இருபது மைக்ரானுக்கு மேற்பட்டிருக்கும். இதனை அரைப்பங்காகக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்திய நகல், கடையில் அசலைவிடவும் ஒளிரும். கடற்கரை ஊர்களில் இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் அதன்மேல் பழுப்புப் புள்ளிகள் அரும்பும்.

உடற்தகடுகளில் நிலைமை வேறு. மூலத் தொழிற்சாலை பெரும் அழுத்த யந்திரங்களில், எஃகு அச்சுகளுக்கிடையே தகட்டை ஒரே அழுத்தில் உருவாக்கியது. அவ்வச்சுகள் பிழைத்திருந்தால் நகல் என்ற சொல்லே பொருந்தாது. 1975-இல் பிரிட்டனில் அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், சிதறிக் கிடந்த மூல அச்சுகளைத் திரட்டி, 1988-ஆம் ஆண்டு முதல் எம்.ஜி.பி. காரின் முழு உடற்கூட்டையே மீண்டும் தயாரித்தது. அச்சுகள் அழிந்துபோன வண்டிகளுக்குக் கைத்தொழிலே துணை. மணல் மூட்டையும் மரச் சுத்தியும் உருளைச் சக்கரமும் கொண்டு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தகட்டை வளைத்து மட்கார்டு செய்யும் தொழிலாளர்கள் நம் நாட்டுப் பணிமனைகளில் இன்னும் இருக்கின்றனர். இவர்கள் செய்யும் தகடு இன்னொரு வண்டிக்குப் பொருந்தாது. இந்த வண்டிக்கு மயிரிழை பிசகாமல் பொருந்தும். மலிவான அச்சில் அடித்த தகடோ எந்த வண்டிக்கும் ஏறத்தாழப் பொருந்தும். கதவின் இடைவெளி மேலே மூன்று மில்லிமீட்டரும் கீழே எட்டு மில்லிமீட்டருமாக நிற்கும்.

அசலே பிழைபட்டபோது

அசல் யாவும் சிறந்தவை என்ற நம்பிக்கைக்கு எதிரான சான்றுகளும் குறைவல்ல. 1920-களில் கதவுக் கைப்பிடிகளும் கார்புரேட்டர் உடல்களும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டன. அத்துத்தநாகத்தில் ஈயமோ வெள்ளீயமோ மிகச் சிறு அளவில் கலந்திருந்தாலும், ஈரக்காற்றில் உலோக மணிகளின் இடையெல்லைகள் அரிக்கப்பட்டு, பாகம் தானே உப்பி, வெடித்து, கையில் உதிர்ந்துவிடும். 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூஜெர்ஸி துத்தநாகக் கம்பெனி, 99.99 சதவிகிதம் தூய துத்தநாகத்தைக் கொண்டு ஸாமக் எனும் கலவையை உருவாக்கியபின் இந்நோய் அடங்கிற்று. அக்காலத்து அசல் கைப்பிடி பெட்டியிலேயே பொடியாகிறது; இன்று தூய கலவையில் வார்த்த நகல் நெடுங்காலம் நிற்கும். பிரேக் ஷூக்களில் ஒட்டியிருந்த ஆஸ்பெஸ்டாஸும் அவ்வாறே. அதன் நார்த்தூசி நுரையீரலில் புற்றுநோயை விளைவிப்பது ஐயமற நிறுவப்பட்டது. அசல் என்பதற்காக அதனை உரசிப் பொருத்துவோர், வண்டிக்காகத் தம் மூச்சைப் பணயம் வைக்கின்றனர்.

எரிபொருளும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துடன் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. அம்பாசடரின் 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜினில் வால்வுகள் வார்ப்பிரும்புத் தலையின்மீதே நேராக அமர்ந்தன. ஈயத்தின் படிவு அந்த இருக்கைக்கு மெத்தையாக இருந்து வந்தது. அது போனபின், பெருவேகத்தில் நெடுந்தூரம் ஓட்டினால் இருக்கை தேய்ந்து குழிகிறது. கடின எஃகு வளையத்தை இருக்கையில் செருகுவது அசலிலிருந்து விலகலே. ஆயினும் என்ஜின் பிழைக்க அதுவே வழி.

எத்தனாலின் வரவு இதனினும் கூர்மையான கேள்வியை எழுப்புகிறது. பெட்ரோலில் 20 சதவிகித எத்தனால் என்னும் இலக்கு இந்தியாவில் 2025-ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. போர்டு மாடல் டி முதலிய பழைய வண்டிகளின் கார்புரேட்டர்களில் மிதவை தக்கையால் செய்யப்பட்டு, பெட்ரோல் ஊறாதிருக்க அரக்குப் பூச்சு இடப்பட்டிருந்தது. அரக்கு, பீகார் வங்காளக் காடுகளிலிருந்து உலகெங்கும் சென்ற நம் நாட்டுப் பொருள். அதனை ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் 1924-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பெட்ரோல் அரக்கைக் கரைப்பதில்லை. ஆல்கஹாலோ அதனை நன்றாகக் கரைக்கும். மரச்சாமான்களுக்கு மெருகிடுவோர் அனைவரும் இதனை அறிவர். ஆகையால் இன்று ஒருவர் தூய அரக்கும் தூய தக்கையும் கொண்டு, மூலத்தினின்றும் அணுவளவும் விலகாத மிதவை செய்து பொருத்தினால், அரக்கு கரைந்து கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும்; தக்கை ஊறி அமிழும்; பெட்ரோல் வழிந்து சூடான குழாயின்மீது சொட்டும். மூடிய நுண்ணறைகள் கொண்ட ரப்பர் நுரையால் செய்த மிதவை அசலைப் போலத் தோன்றாது. அது கார்புரேட்டருக்குள் இருப்பதால் ஒருவரும் காணப்போவதுமில்லை. பெட்ரோல் குழாய்களுக்கும் பழைய வகை ரப்பரை விடுத்து, எத்தனாலைத் தாங்கும் ஃபுளூரின் கலந்த வகையைத் தேர்தல் இதே காரணத்தால் அவசியமாகிறது.

சோதனை முறைகள்

வாங்குவோர் பரிசோதனைச்சாலை இல்லாமலே சிலவற்றை அறியலாம். கூரிய அரம் கடின எஃகின்மேல் வழுக்கும், இளகியதைக் கடிக்கும். சாணைக்கல்லில் தொட்டால் கரி மிகுந்த எஃகு கிளைவிட்டுச் சிதறும் பொறிகளையும், குறைந்தது நீண்ட நேர்ப்பொறிகளையும் தரும். மரைச் சீப்பு ஒன்று சட்டைப்பையில் இருந்தால் திருகுத் தவறு நேராது. ரப்பரின் ஒரு துணுக்கைப் பெட்ரோலிலும் இன்னொன்றைப் பிரேக் திரவத்திலும் சில நாட்கள் ஊறவைத்து, முன்னும் பின்னும் அளந்து பார்த்தல் எவருக்கும் இயலும். இச்சிறு சோதனையைச் செய்வோர் மிகச் சிலர் என்பது வருந்தத்தக்கது. இதற்குமேல் ராக்வெல் கருவியால் கடினத்தை அளத்தலும், எக்ஸ்-கதிர் ஒளிர்வால் உலோகக் கலவையைப் பாகத்திற்குச் சேதமின்றிக் கண்டறிதலும், சாயத்தை ஊடுருவச் செய்து மயிரிழைப் பிளவைக் காணுதலும் பொறியியல் பரிசோதனைச்சாலைகளில் வழக்கமாக நடைபெறுபவை. திசைதிருப்பும் அமைப்பின் பாகங்களுக்கும் பிரேக் பாகங்களுக்கும் இச்செலவு மிகையன்று.

அரசாங்கமும் இவ்வகை வண்டிகளுக்கெனத் தனி விதிகளை 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளியிட்டது. முதற்பதிவுக்குப்பின் ஐம்பது ஆண்டுகள் கடந்து, மூல உருவிலேயே பேணப்பட்டு, சட்டத்திலும் உடற்கூட்டிலும் என்ஜினிலும் பெருமாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு அவ்விதிகள் இடமளிக்கின்றன. தேய்ந்த பாகத்திற்கு அதே வகைப் பாகத்தை மாற்றுவது வேறு, வண்டியின் உருவை மாற்றுவது வேறு என்பதை உரிமையாளர் பின்னாளில் காட்ட நேரிட்டால், எழுத்து மூலமான குறிப்பே உதவும். எந்தப் பாகம் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது, எப்பொருளால் ஆனது என்பதை ஏட்டில் பதிந்து, புதிய பாகத்தின் மறைவான பக்கத்தில் ஆண்டைப் பொறித்துவிடுவது அருங்காட்சியகங்களில் கைக்கொள்ளப்படும் முறையைச் சார்ந்தது. கழற்றிய அசல் பாகத்தை எறியாமல், உலோகமாயின் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, சீட்டுக் கட்டி வண்டியுடன் வைத்தல் வேண்டும். பிற்காலத்தில் நகல் செய்ய முற்படுவோருக்கு அளவு காட்டுவது அதுவே. ரப்பர்ப் பாகமாயின் எண்ணெய் படாமல், வெயிலும் மின்மோட்டாரின் ஓசோனும் எட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.